பழைய ஆணையை எடுத்துப் பாருங்கள்

போர் தந்த மன அதிர்ச்சியால் அமெரிக்கப் படையிலிருந்து விலக்கப்பட்டவர், 20 ஆண்டுப் பணியை முடிக்காதவரானால், விலக்கல் ஆணையிலுள்ள பாதிப்புச் சதவீதத்தை முதலில் பார்க்க வேண்டும். 30-க்குக் கீழே என்றால் ஒரே தவணைத் தொகையோடு சரி. 30-ஐ எட்டினால் மாத ஓய்வூதியம், குடும்பத்துக்கும் மருத்துவக் காப்பு. பணியிலிருந்தே விலக்கும் அளவுக்கு முற்றிய பாதிப்புக்குக் குறைந்தது 50 சதவீதம் தந்து, 6 மாதத்துக்குள் மறுபரிசோதனை செய்ய வேண்டும் என்பது விதி. அதை மீறிக் குறைத்துத் தந்ததை எதிர்த்து 2008-இல் தொடுத்த சாபோ வழக்கு, 2011-இல் வீரர்களுக்குச் சாதகமான உடன்பாட்டில் முடிந்தது.

முன்னாள் வீரர் நலத்துறை உதவித்தொகை தருகிறதே என்பார்கள். அது தனிக் கணக்கு. ஓய்வுபெற்ற வீரர் என்ற தகுதியை அது தராது. இப்போது தேறிவிட்டோமே என்றும் தயங்க வேண்டாம். கேள்வி, விலக்கப்பட்ட காலத்து நிலை பற்றியது. சதவீதம் குறைத்துத் தரப்பட்டிருந்தால், அன்றைய மருத்துவ அறிக்கைகளை இணைத்து, படைப் பதிவுத் திருத்தக் குழுவுக்கு விண்ணப்பியுங்கள்.