வசனத்தை அனுப்பும் முன் அதற்குப் பதில் சொல்லுங்கள்

கேள்வி: தினமும் காலை ஐந்தரை மணிக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் வசன ஸ்டேட்டஸ் வைத்துவிடுவேன். சபையின் பெண்கள் குழுவிலும் அதையே போடுவேன். "உங்க வசனத்தப் பாத்துட்டுத்தான்க்கா எனக்கு நாளே தொடங்குது" என்று சிலர் சொல்வார்கள். ஆரம்பத்தில் வேதம் வாசித்து, மனதைத் தொட்ட வசனத்தை நானே டைப் செய்து போட்டேன். இப்போது யாரோ செய்த படத்தை எடுத்துப் போடுகிறேன். அடுத்த அரை மணி நேரம் யார் யார் பார்த்தார்கள் என்று பார்ப்பதிலேயே போய்விடுகிறது. சென்ற மாதம் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த இரவு, வராந்தாவில் ஜெபிக்க உட்கார்ந்தேன். ஒரு வார்த்தைகூட வரவில்லை. கை தானாகப் போனை எடுத்தது. "அம்மாவுக்காக ஜெபியுங்கள்" என்று ஸ்டேட்டஸ் வைத்தேன். ஆண்டவருக்கும் எனக்கும் உள்ள உறவு உண்மையானதுதானா? எல்லாவற்றையும் அழித்துவிடட்டுமா?
— வாசகி, நாகர்கோவில்

பதில்: அன்புச் சகோதரி, அவசரப்பட்டு எதையும் அழிக்க வேண்டாம். அம்மாவுக்காக ஜெபிக்கக் கேட்டதில் தவறே இல்லை. பவுலும் தமக்காக ஜெபிக்கும்படி சபைகளுக்கு எழுதியிருக்கிறார். வார்த்தை வராமல் போனது விசுவாசக் குறைவும் ஆகாது. எப்படி ஜெபிப்பது என்று தெரியாமல் தவிக்கும்போது ஆவியானவரே நமக்காகப் பெருமூச்சுவிட்டு வேண்டுகிறார் என்கிறது ரோமர் 8-ஆம் அதிகாரம்.

நான் உங்களிடம் கேட்க விரும்புவது காலை ஐந்தரை மணியைப் பற்றி. அந்த வசனம் முதலில் யாருக்கு வந்தது? உங்களுக்கு. நீங்கள் அதற்குப் பதில் சொன்னீர்களா? நம் பெயருக்கு வந்த கடிதத்தைப் பிரிக்காமலே பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டால், எழுதியவரோடு உறவு எப்படி வளரும்?

எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு நன்மையே நினைத்திருக்கிறேன் என்று தேவன் சொல்லும் அந்த வசனம் எத்தனை வாக்குத்தத்த அட்டைகளில் வருகிறது! அதற்கு முந்தின வசனத்தில் பாபிலோனில் எழுபது வருஷம் கழியட்டும் என்கிறார். சிறைப்பட்டுப் போன யூதர்களுக்கு எரேமியா எழுதி அனுப்பிய கடிதம் அது. அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், உங்களைச் சிறையாக்கிய அந்த ஊருக்காகவே ஜெபியுங்கள் என்று அதில் எழுதியிருக்கிறது. முழு அதிகாரத்தையும் வாசித்தால், 'இத்தனை காலம் காத்திருக்கச் சொன்னால் நான் இவரை நம்புவேனா?' என்ற கேள்வி நெஞ்சில் தைக்கும். அதற்கு நீங்கள் சொல்லும் பதில்தான் ஜெபம். 88-ஆம் சங்கீதம் கடைசி வரை இருட்டுதான். அதை யாரும் பூப்படத்தின் மேல் எழுதி அனுப்புவதில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உங்களுக்குத் தேவைப்பட்டது அந்தச் சங்கீதம்.

'யார் பார்த்தார்கள்' என்ற தவிப்பு போனோடு பிறந்ததில்லை. 4-ஆம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் வாழ்ந்த எவாகிரியுஸ் என்ற துறவி, ஆத்துமாவை அலைக்கழிக்கும் எட்டு நினைவுகளில் வீண்புகழையும் சேர்த்தார். ஆளரவமற்ற குடிலில் இருப்பவரும், ஜனங்கள் தம்மைத் தேடி வாசலில் வந்து நிற்பதாகக் கற்பனை செய்துகொள்வார் என்று எழுதினார். ஆகவே கணக்கை அழித்தாலும் இந்தத் தவிப்பு கூடவே வரும்.

இதை இயேசு எப்படிக் கையாண்டார் என்று மாற்கு முதல் அதிகாரத்தில் பாருங்கள். கப்பர்நகூமில் ஒரு சாயங்காலம் ஊரே வாசலில் கூடிவிட்டது. மறுநாள் அவர் இருட்டோடே எழுந்து, ஆளில்லாத இடத்துக்குப் போய் ஜெபித்தார். எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்று சீமோன் வந்து சொன்னபோது, பக்கத்து ஊர்களுக்குப் போகலாம் என்றார். பிதாவோடு தனித்திருந்ததால்தான் கூட்டத்தின் இழுப்புக்கு அவர் போகவில்லை என்று நம்புகிறேன்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். காலையில் போனை வேறு அறையில் வையுங்கள். அச்சு வேதாகமத்தில் ஓர் அதிகாரம் முழுக்க வாசியுங்கள். ஒரு நோட்டில் ஆண்டவரிடம் நேரடியாகப் பேசி நான்கு வரி எழுதுங்கள். கோபமானாலும் எழுதுங்கள். அந்த நோட்டை யாருக்கும் காட்ட வேண்டாம். அதன்பின் ஒரு வசனத்தைப் பகிரத் தோன்றினால் சாயங்காலம் பகிருங்கள்.

குழுவில் யாராவது ஜெபக்குறிப்பு போட்டால், கைகூப்பும் சின்னத்தைத் தட்டுவதற்கு முன் கண்ணை மூடி அவர் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். முடிந்தால் போன் செய்து, "ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டு வரட்டுமா?" என்று கேளுங்கள்.

இரவில் லொயோலா இஞ்ஞாசியார் கற்றுக்கொடுத்த ஆன்ம சோதனையைச் செய்யுங்கள். 1548-இல் அச்சான அவரது 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில் இருக்கிறது. கத்தோலிக்கர் வழக்கம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். நன்றி சொல்வது, என் குறையை எனக்குக் காட்டும் என்று கேட்பது, நாளை மணிவாரியாகத் திரும்பிப் பார்ப்பது, மன்னிப்புக் கேட்பது, திருந்தத் தீர்மானிப்பது என்று ஐந்து படிகள். திரும்பிப் பார்க்கும்போது போனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எதை, ஏன் பகிர்ந்தேன்? யாருடைய பதிவைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்?

கேள்வி: நல்ல பிரசங்கங்கள் யூடியூபில் கிடைக்கும்போது ஞாயிறு ஆராதனைக்குப் போய்த்தான் ஆக வேண்டுமா?
— கல்லூரி மாணவர், மதுரை

பதில்: 2020-இல் ஆலயங்கள் பூட்டியிருந்தபோது நேரலை ஆராதனை பலரைத் தாங்கியது. படுக்கையில் இருப்பவர்களுக்கு இன்றும் அது பெரிய உதவி. நடமாடத் தெம்புள்ள உங்களுக்கு அது போதாது, தம்பி. பிரசங்கம் பிடிக்காவிட்டால் யூடியூபில் அடுத்ததற்குத் தாவலாம். ஆலயத்திலோ உங்களோடு மனஸ்தாபம் உள்ளவர் பக்கத்து பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பார். காணிக்கை செலுத்த வந்த இடத்தில் சகோதரனின் மனக்குறை நினைவுக்கு வந்தால், முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு என்றார் இயேசு. அந்தச் சகோதரர் பக்கத்தில் இருந்தால்தானே நினைவுக்கு வரும்?

கேள்வி: 'ஆமென் என்று போட்டு 10 பேருக்கு அனுப்புங்கள், அனுப்பாவிட்டால் தீங்கு வரும்' என்று வரும் செய்திகளை அழிக்கப் பயமாக இருக்கிறது.
— வாசகர், தூத்துக்குடி

பதில்: தைரியமாக அழியுங்கள், ஐயா. இத்தனை பேருக்கு அனுப்பினால்தான் ஆசீர்வதிப்பேன் என்று தேவன் எங்கும் சொன்னதில்லை. பூரண அன்பு இருக்கும் இடத்தில் பயத்துக்கு இடமில்லை என்கிறது யோவானின் முதல் நிருபம். உங்களுக்கு அதை அனுப்பியவரைக் கடிந்துகொள்ள வேண்டாம். அவரும் பயந்துபோய்த்தான் அனுப்பியிருப்பார். ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போய், என்ன கவலை என்று கேட்டு, சேர்ந்து ஜெபித்துவிட்டு வாருங்கள்.