தொழிலாளர் இட்ட பெயர்

பகலில் கணினியின் முன் அமர்ந்து பணிபுரிபவர், மாலையில் ஒலிவாங்கியின் முன் நிற்கிறார். பெங்களூரு நகரின் இந்திராநகர், கோரமங்களா பகுதிகளில் உள்ள சிற்றரங்குகளில் இக்காட்சியைக் காணலாம். ‘ஓப்பன் மைக்’ என வழங்கும் இந்நிகழ்ச்சியில் புதியவர் ஒருவருக்குச் சில நிமிடங்களே கிடைக்கும். ஒப்பனை இல்லை, திரைச்சீலை இல்லை, உடன் நடிப்பார் எவரும் இல்லை. சொன்ன சொல்லுக்கு அவையில் சிரிப்பு எழவில்லையெனில், அத்தோல்வியை அக்கணமே அனைவர் முன்னிலையிலும் ஏற்றாக வேண்டும். ‘ஸ்டாண்ட்-அப் காமெடி’ எனப்படும் இம்மேடை நகைச்சுவை கன்னடம், ஆங்கிலம், இந்தி ஆகியவற்றோடு தமிழிலும் இந்நகரில் வளர்ந்துள்ளது. பெங்களூரில் வாழும் பிரவீண்குமார், குடும்ப வாழ்வின் சிறு நிகழ்வுகளைத் தமிழில் பேசியே பெயர் பெற்றவர்.

பகலுக்கு ஒரு பணி, மாலைக்கு ஒரு கலை என்னும் வாழ்க்கை புதியதன்று. ‘ஸ்டாண்ட்-அப்’ என்னும் சொல் நம் நாட்டில் பரவுவதற்குப் பல்லாண்டுகள் முன்பே, மும்பையில் தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவர் அவ்வாறு வாழ்ந்தார். இந்தியாவில் இக்கலைக்கு முன்னோடிகளுள் ஒருவராக மதிக்கப்படும் ஜானி லீவரே அவர்.

அவருடைய இயற்பெயர் ஜான் பிரகாஷ் ராவ். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பத்தில், ஆந்திரத்தின் கனிகிரியில் 1957ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 14ஆம் நாள் பிறந்தார். வளர்ந்தது மும்பையின் தாராவிப் பகுதியில். தாராவி நமக்கு அயலான ஊரன்று. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சென்ற தோல் பதனிடுவோரும், குஜராத்திலிருந்து வந்த குயவரும், இன்னும் பல மொழியினரும் சேர்ந்து உருவாக்கிய குடியிருப்பு அது. ஒரு தெருவைக் கடப்பதற்குள் நான்கு மொழிகள் காதில் விழும். பலகுரல் கலைஞனாக வளரவிருந்த சிறுவனுக்கு இதனினும் சிறந்த இடம் வாய்த்திருக்க முடியாது.

எனினும் அவரது இளமை இனிமையானதன்று. வீட்டின் மூத்த பிள்ளை அவர். வறுமையின் காரணமாக ஏழாம் வகுப்போடு பள்ளிப்படிப்பு நின்றது. பின்னாளில் அவர் பெற்ற புகழைக் காட்டி, படிப்பு நின்றது நன்மையே என்று கூறுவோர் உளர். அது பிழை. இழப்பு இழப்பே, அவ்விழப்போடுதான் அவர் வாழத் தொடங்கினார்.

மும்பைத் தெருக்களில் அவர் எழுதுகோல் விற்றார். விரைந்து செல்லும் ஒருவரை ஓர் எழுதுகோலுக்காக நிறுத்துவது எளிதா? சிறுவன் ஒரு வழி கண்டான். இந்தித் திரைப்பட நடிகர்களின் குரலில் பேசினான், படப்பாடல்களுக்கு ஆடினான். குரலைக் கேட்டு நின்றவர்களுள் சிலர் எழுதுகோலும் வாங்கினர். நிற்கக் கடமைப்படாத ஒருவரை நிற்கச் செய்வதே மேடைக் கலையின் முதற்பாடம். அதனை அவர் அரங்கில் கற்கவில்லை, தெருவோரத்தில் கற்றார். இடையில் சில காலம் ஐதராபாத்தின் யாகுத்புரா பகுதியில் தங்கியபோது, அவ்வூருக்கே உரிய நகைச்சுவைப் பேச்சின் நெளிவுசுளிவுகளும் அவர்க்குப் பழகின.

தந்தை இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் தொழிற்சாலையில் பணியாற்றினார். மகனும் அங்கேயே தொழிலாளியாகச் சேர்ந்தார். வேலை உடலை வருத்தியது. கண்ணும் காதும் தம் போக்கில் வேறொரு வேலையைச் செய்துகொண்டிருந்தன. ஓர் அதிகாரி நடக்கும் நடை, மற்றொருவர் சினக்கும்போது குரல் ஏறும் விதம், இன்னொருவர் சொல்லை இழுக்கும் பாங்கு ஆகிய அனைத்தும் அவர் மனத்தில் பதிந்தன. நிறுவன விழா ஒன்றில் மேலதிகாரிகள் சிலரைப் போலப் பேசியும் நடந்தும் காட்டினார்.

இச்செயலின் துணிவை எண்ணிப் பார்க்க வேண்டும். மேலதிகாரியைத் தொழிலாளி ஒருவர் விழாவிலே நடித்துக் காட்டினால், அது தவறாகக் கொள்ளப்படின் வேலையே போகலாம். தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்து, அது தோன்றும் இடங்கள் நான்கு என்றார். அவற்றுள் ஒன்று எள்ளல். பிறரை எள்ளி நகுவது மட்டுமன்று, பிறர் தன்னை எள்ளும்போது தானும் நகுவதும் அதனுள் அடங்கும் என்பர் உரையாசிரியர். பலகுரல் கலையின் நுட்பம் இங்கேதான் உள்ளது. ஒருவரது உடற்குறையைக் காட்டி எழுப்பும் சிரிப்பு அவரைப் புண்படுத்தும். அவரது பழக்கத்தைக் காட்டி எழுப்பும் சிரிப்பிலோ அவரும் கலந்துகொள்ள முடியும்.

அன்று முதல் உடன் பணிபுரிந்தோர் அவரை ‘ஜானி லீவர்’ என்று அழைத்தனர். நகைச்சுவைக் கலைஞர்க்குப் பெயரோடு அடைமொழி ஒட்டிக்கொள்வது தமிழகத்திலும் உண்டு. ‘குலதெய்வம்’ ராஜகோபாலுக்கு அப்பெயர் அவர் நடித்த திரைப்படத்தால் வந்தது. ஜானிக்கோ ஒரு தொழிற்சாலையால் வந்தது; அதுவும் நிறுவனம் அளித்ததன்று, தொழிலாளர் அளித்தது.

அக்காலத்தில் நகைச்சுவைக்கெனத் தனி அரங்குகள் அரியன. மெல்லிசைக் கச்சேரிகளில், பாடகர் இளைப்பாறும் இடைவெளியில் பலகுரல் கலைஞர் மேடையேறுவார். அடுத்த பாடலுக்காகக் காத்திருக்கும் அவையைச் சிரிக்க வைத்தாக வேண்டும். பிரதாப் ஜெயின், ராம்குமார் என்னும் மூத்த பலகுரல் கலைஞர்கள் அவரை ஊக்குவித்தனர். பின்னர், புகழ்பெற்ற இசையமைப்பாளர்களான கல்யாண்ஜி-ஆனந்த்ஜி சகோதரர்களின் குழுவில் இடம் கிடைத்தது.

நிகழ்ச்சிகள் பெருகப் பெருகத் தொழிற்சாலைக்கு வராத நாள்களும் பெருகின. ஒருபுறம் திங்கள்தோறும் தவறாது வரும் ஊதியம். மறுபுறம் அழைப்பு வந்தால் மட்டுமே கிடைக்கும் வருவாய். வீட்டின் மூத்த பிள்ளைக்கு இது விளையாட்டான தேர்வன்று. ஆர்வம் தோன்றிய அன்றே அவர் வேலையை உதறிவிடவில்லை. ஏறத்தாழ ஆறாண்டுகள் இரு சுமைகளையும் சுமந்தார். மேடை வருவாய் தம்மைத் தாங்கும் என்று கண்ட பின்னரே, 1981இல் பணியிலிருந்து விலகினார். அவரது துணிவைப் போற்றுவோர் இப்பொறுமையை ஏனோ மறந்துவிடுகின்றனர்.

அடுத்த ஆண்டே கல்யாண்ஜி-ஆனந்த்ஜி குழுவினருடனும் நடிகர் அமிதாப் பச்சனுடனும் வெளிநாட்டு மேடைகளுக்குச் சென்றார். மேடை நிகழ்ச்சி ஒன்றில் அவரைக் கண்ட நடிகர் சுனில் தத் திரைப்பட வாய்ப்பு அளித்தார். ‘ஹன்ஸி கே ஹங்காமே’ என்னும் ஒலிநாடா அவரை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. முகம் தெரியாது, குரலை மட்டும் கேட்டு மக்கள் சிரித்தனர். 1993இல் வெளிவந்த ‘பாஸிகர்’ படத்தில் மறதிமிக்க பணியாளாக நடித்த பின்னர், அம்முகத்தை அறியாதார் இலர் என்றாயிற்று.

அவர் மகள் ஜேமியும் இன்று மேடை நகைச்சுவைக் கலைஞர், பலகுரலில் வல்லவர். ஜேமி லீவர் என்றே அறிவிக்கப்பட்டு அவர் மேடையேறுகிறார்.

பயிற்சி

1. எழுதுகோல் விற்ற காலத்தில் ஜானி கற்ற மேடைப் பாடம் யாது?
2. ‘வேலையே போகலாம்’ – இத்தொடரில் உள்ள ஏகாரம் என்ன பொருள் தருகிறது?
3. நீங்கள் நன்கறிந்த ஒருவரின் பேச்சையும் நடையையும் பத்து வரிகளில் எழுதுக. அதனை அவரிடமே படித்துக் காட்டுக.