அறுந்த வடங்கள் காட்டிய கடலடிச் சரிவு

நீர்க்கோளம் பாடத்தில் கண்டத்திட்டு, கண்டச்சரிவு ஆகியவற்றை விளக்கும்போது, “மலையில் ஏற்படுவது போலக் கடலடியிலும் நிலச்சரிவு ஏற்படுமா?” என்று மாணவர்களிடம் கேளுங்கள். கண்டச்சரிவின் சராசரிச் சாய்வு ஏறத்தாழ 4 பாகைதான் என்பதால், பலர் ‘ஏற்படாது’ என்பர். அப்போது இந்நிகழ்வைக் கூறலாம்.

நிகழ்வு: 1929 நவம்பர் 18 அன்று மாலை, இன்றைய கனடாவின் நியூபவுண்ட்லாந்து தீவுக்குத் தெற்கே கடலடியில் 7.2 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் புரின் தீபகற்பத்தின் மீனவக் கிராமங்களை ஆழிப்பேரலை தாக்கியது. 25-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஊரின் தந்திக் கம்பி முன்பே புயலில் அறுந்திருந்தது. மூன்று நாள்களுக்குப் பின் வந்த கப்பலின் கம்பியில்லாத் தந்தி வழியாகவே உதவி கோர முடிந்தது.

சான்று: அதே இரவில் அட்லாண்டிக் கடலடியில் 12 தந்தி வடங்கள் அறுந்தன. நிலநடுக்க மையத்துக்கு அருகில் இருந்தவை உடனே அறுந்தன. ஆழத்தில் இருந்தவையோ ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தன. கடைசி வடம் அறுந்தது 13 மணி நேரத்திற்குப் பின். அதிர்வு மட்டுமே காரணம் என்றால் இந்த வரிசை ஏன்? 1952-இல் ஹீசன், யூவிங் என்னும் அறிவியலாளர்கள் விடை தந்தனர்: சரிந்த சேறு நீருடன் கலந்து, கலங்கல் நீரோட்டமாக ஆழம் நோக்கிப் பாய்ந்து வடங்களை அறுத்தது. வடங்களுக்கு இடையேயான தொலைவை நேர வேறுபாட்டால் வகுத்து அதன் வேகத்தையும் கணித்தனர்.

காரணம்: வண்டல் விரைவாகப் படியும்போது துகள்களுக்கு இடையே நீர் சிக்கிக்கொள்கிறது. மேலுள்ள எடையின் ஒரு பகுதியை அந்நீரே தாங்குவதால் துகள்களின் பிடிப்பு தளர்கிறது. நிலநடுக்கம் நீரழுத்தத்தை மேலும் கூட்ட, மென்சாய்விலும் படிவு நழுவுகிறது.

செயல்பாடு: ஒரு தட்டில் நுண்மணலை நீரில் நன்கு ஊறவைத்து, ஒரு பக்கமாகச் சிறு மேடு அமைக்கச் செய்யுங்கள். தட்டின் விளிம்பைத் தொடர்ந்து தட்டினால், மேற்பரப்பில் நீர் கசிந்து மேடு தளர்ந்து பரவும். உலர்மணலிலும் செய்து ஒப்பிடச் சொல்லுங்கள்.

மதிப்பீடு: 2004 ஆழிப்பேரலைக்குக் கடலடிப் புவித்தட்டின் திடீர் நகர்வு காரணம், 1929 பேரலைக்குச் சேற்றுச் சரிவே முதன்மைக் காரணம். இரண்டையும் ஒப்பிட்டு எழுதச் செய்யலாம். காரணம் எதுவாயினும், கரையில் அதிர்வை உணர்ந்தாலோ கடல் திடீரென உள்வாங்கினாலோ உடனே மேட்டுப் பகுதிக்குச் செல்ல வேண்டும் என்பதை ஒவ்வொரு மாணவரும் சொல்லக் கேட்டபின் பாடத்தை நிறைவு செய்யுங்கள்.