அப்புத்தளையின் பனிமூட்டமும் கைபேசியின் கணக்கும்

கேள்வி: காலையில் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பும்போது பாதையே தெரிவதில்லை. கைபேசியோ 'மேகமூட்டம்' என்று மட்டும் காட்டுகிறது. ஏன்? (வாசகி, அப்புத்தளைத் தோட்டம்)

பதில்: உங்கள் கண்தான் சரி. ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் எதுவும் கண்ணுக்குத் தெரியாவிட்டால் அதுவே மூடுபனி என்பது உலக வானிலையாளர் வரையறை. கைபேசியின் முன்னறிவிப்புக்கு அடிப்படையான கணினி மாதிரி மூடுபனியை நேரே பார்ப்பதில்லை. தரையை ஒட்டிய காற்றின் ஈரப்பதம், அதில் மிதக்கும் நுண்துளிகள் ஆகியவற்றிலிருந்து எவ்வளவு தூரம் தெரியும் என்று கணக்கிட்டு, அதை வரைபடத்தில் நிறமாகத் தீட்டுகிறது.

சிக்கல் மலையில்தான். ஐரோப்பிய வானிலை முன்னறிவிப்பு மையத்தின் உலக மாதிரிக்கே ஒரு கட்டம் சுமார் 9 கிலோமீற்றர். அதற்குள் உங்கள் மலைமுகடும் கீழேயுள்ள பள்ளமும் ஒரே சராசரி உயரமாகிவிடுகின்றன. அப்புத்தளையில் நீங்கள் காண்பது பெரும்பாலும் சரிவில் ஏறிவரும் காற்று குளிர்ந்து உண்டாகும் மேகம். மாதிரியின் தரை தாழ்ந்திருப்பதால் அதே மேகம் அதன் கணக்கில் தலைக்கு மேலே நிற்கிறது.

ஆகவே 'தாழ்மேகம்', 'மேக அடி உயரம்' ஆகிய படங்களையும் பாருங்கள். மேகத்தின் அடி கடல்மட்டத்திலிருந்து 1,400 மீற்றருக்குக் கீழே, அதாவது உங்கள் ஊரின் உயரத்துக்கும் கீழே என்றால், பிள்ளையைக் கொஞ்சம் முன்னதாகவே புறப்படச் சொல்லுங்கள். பளிச்சென்ற நிறக் குடையும் கொடுத்தனுப்புங்கள், வாகனக்காரருக்குத் தெரியட்டும்.