பழைய மோட்டார் சைக்கிளில் கியர் விழவில்லையா? எஞ்சினைத் திறப்பதற்கு முன் பாருங்கள்

ஊர் திரும்பிய பல குடும்பங்களிடம் எஞ்சியிருக்கும் ஒரே வாகனம் பழைய மோட்டார் சைக்கிள்தான். மீன்பெட்டி, பால் கான், பிள்ளைகள் எல்லாம் அதில்தான். நீண்டகாலம் மழையிலும் வெயிலிலும் நின்ற வண்டியில் கியர் சிக்குவது வழமை. கராஜில் "எஞ்சினை இறக்க வேணும்" என்று சொல்லக்கூடும். இறக்கினால் கையிலுள்ள கொடுப்பனவில் பெரும்பகுதி அதோடு போய்விடும். ஆனால் கியர்க் கோளாறுகளில் பல எஞ்சினைப் பிரிக்காமலே தீரக்கூடியவை.

முதலில் கியர் மிதியைக் கையால் பிடித்து அசையுங்கள். மிதி அசைந்தும் அது பொருந்தியுள்ள தண்டு அசையாவிட்டால், இறுக்கும் ஆணி தளர்ந்திருக்கும் அல்லது மிதியின் உட்பற்கள் தேய்ந்திருக்கும். ஆணியை இறுக்கியும் சரிவராவிட்டால் புது மிதி வாங்குங்கள். மிதியைத் தண்டோடு வெல்டிங் செய்ய விடாதீர்கள். பிறகு பக்க மூடியைக் கழற்றவே முடியாது.

அடுத்தது ஒயில். இந்த வண்டிகளில் எஞ்சின், கிளச், கியர் மூன்றுக்கும் ஒரே ஒயில்தான். அது பால்தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஸ்டார்ட் செய்யாமலே மாற்றுங்கள். மோட்டார் சைக்கிளுக்குரிய ஒயிலையே விடுங்கள். கார்களுக்கான சில ஒயில்களால் கிளச் வழுக்கும்.

கைப்பிடிக் கிளச் உள்ள சி.டி. 125 போன்றவற்றில், பிடியின் நுனி 10 முதல் 20 மில்லிமீற்றர் வரை சும்மா அசைய வேண்டும். அதைவிடக் கூடினால் கிளச் முழுதாக விடுபடாது, கியர் கரகரக்கும். எஞ்சினை நிறுத்தி, கியரில் போட்டு, கிளச்சைப் பிடித்துத் தள்ளிப் பாருங்கள். கேபிள் சரியாக இருந்தும் சக்கரம் உருளாவிட்டால் கிளச் தட்டுகள் ஒட்டியிருக்கின்றன. நியூட்ரலில் எஞ்சினைச் சூடாக்கி நிறுத்துங்கள். பின் கடைசிக் கியரில் போட்டு, கிளச்சைப் பிடித்தபடி முன்னும் பின்னும் ஆட்டுங்கள். பெரும்பாலும் விட்டுவிடும்.

எம்.டி. 90, சி 90 வகைகளில் கைப்பிடிக் கிளச் இல்லை. முதல் கியர் போட்டதும் வண்டி பாய்ந்தால், முதலில் கார்பரேற்றரில் ஐட்லிங்கைக் குறையுங்கள். அதன்பின் வலப்பக்க மூடியிலுள்ள கிளச் திருகாணியைப் பாருங்கள். அதன் நட்டைத் தளர்த்தி, திருகாணியை வலஞ்சுழியாக ஒரு சுற்றுத் திருப்புங்கள். பிறகு இடஞ்சுழியாகத் தடை உணரும்வரை மெதுவாகத் திருப்புங்கள். அங்கிருந்து வலஞ்சுழியாக எட்டில் ஒரு சுற்று. திருகாணி அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள்.

மிதித்த மிதி தானாகத் திரும்பி வராவிட்டால், உள்ளேயுள்ள ஸ்பிரிங் உடைந்திருக்கலாம். அதற்குப் பக்க மூடியையும் கிளச்சையும் கழற்றினால் போதும். பாரம் ஏற்றி ஓடும்போது ஒரே கியர் திரும்பத் திரும்பக் கழன்றால்தான் விஷயம் பெரிது: கியர்ப் பற்களோ அவற்றைத் தள்ளும் கவையோ தேய்ந்திருக்கலாம். அப்போது மெக்கானிக் சொல்வது நியாயம். முன்கூட்டியே விலை கேட்டு, கழற்றிய பாகத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

உதிரிப்பாகம் தேடிப் பற்றைக்குள் கைவிடப்பட்ட வாகனங்களைத் தொடாதீர்கள். அவற்றிலோ சுற்றியோ வெடிபொருட்கள் இருக்கலாம். பரீட்சித்து ஓடுவதும் பாவனையிலுள்ள வீதியில் மட்டுமே.

வேறு எஞ்சின் பூட்டினால், அதன் இலக்கம் பதிவுப் புத்தகத்திலுள்ள இலக்கத்தோடு ஒத்துப்போகாது. விற்றவரிடம் எழுத்தில் பற்றுச்சீட்டு வாங்கி, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றத்தைப் பதிவு செய்யுங்கள்.