இறைச்சிப் பொட்டலமும் அறை வெப்பநிலையும்

உணவுப் பாதுகாப்பு பற்றிய நூல்களில் “அறை வெப்பநிலை” என்னும் தொடர் அடிக்கடி வருகிறது. அந்நூல்களிற் பல குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. அங்கு அத்தொடர் ஏறத்தாழ 20 டிகிரி செல்சியஸைக் குறிக்கும். திருவனந்தபுரத்திலோ ஆண்டின் பெரும்பகுதியில் பகல் வெப்பம் 30 டிகிரியைத் தொட்டும் கடந்தும் நிற்கிறது. இரவிலும் வெப்பம் பெரிதாகக் குறைவதில்லை. ஆகவே, பொட்டலமாக வாங்கிய இறைச்சியைக் குளிர்சாதனப் பெட்டிக்கு வெளியே எவ்வளவு நேரம் வைக்கலாம் என்னும் கேள்விக்கு இலண்டனில் பொருந்தும் விடை இந்நகருக்குப் பொருந்தாது.

இக்கேள்வி ஏட்டளவில் நிற்பதன்று. 2012 ஜூலையில் திருவனந்தபுரத்து உணவகம் ஒன்றில் வாங்கிய ஷவர்மாவை உண்ட இளைஞர் ஒருவர் பெங்களூர் சென்றபின் இறந்தார். அதே இடத்தில் உண்ட வேறு சிலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். 2022 மே மாதம் காசர்கோடு மாவட்டத்துச் செறுவத்தூரில் ஷவர்மா உண்ட மாணவி ஒருவர் உயிரிழந்தார்; பலர் நோயுற்றனர். அங்கு நோயுற்றோரிடம் ஷிகெல்லா என்னும் பாக்டீரியா காணப்பட்டது. ஷிகெல்லா பெரும்பாலும் மனிதக் கைகளின் வழியாகவும் அசுத்த நீரின் வழியாகவும் உணவை அடைவது. எனவே எல்லாக் குற்றத்தையும் வெப்பத்தின்மீதே சுமத்துதல் சரியன்று. எனினும், கையிலிருந்து வந்து சேரும் சிறு கிருமிக்கூட்டம் பெருகுவதற்கு இடமும் நேரமும் தருவது வெப்பமே.

5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட நிலை அபாய எல்லை எனக் கொள்ளப்படுகிறது. அதற்குள், வசதியான சூழலில், சில பாக்டீரியாக்கள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரிகின்றன. ஒன்று ஒரு மணி நேரத்தில் எட்டாகும். இரண்டு மணியில் 64. நான்கு மணியில் 4,096. ஏழு மணியில் இருபது இலட்சத்துக்கு மேல். புதிய இடத்தில் பெருகத் தொடங்கச் சிறிது நேரம் எடுத்துக்கொள்வதால் நடைமுறையில் இக்கணக்கு அப்படியே நிகழாது. ஆனால் பெருக்கம் செல்லும் போக்கு இதுவே. சமைத்த உணவை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கலாகாது என்னும் விதி இதிலிருந்து எழுந்தது. அமெரிக்க அரசின் அறிவுரை, சுற்றுப்புற வெப்பம் 32 டிகிரியைக் கடந்தால் அவ்விரண்டு மணியையும் ஒரு மணியாகக் குறைக்கிறது. அங்குக் கோடைக்கென விதிக்கப்பட்ட அந்த விலக்கு, நம் தென்கோடி நகரங்களில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் அன்றாட விதியாகிவிடுகிறது.

பொட்டலத்தில் அடைத்துவிட்டால் இறைச்சி பத்திரம் என்பது பரவலான எண்ணம். உண்மையில் உறை செய்யும் காவல் புழுதி, ஈ, பிறர் கை ஆகியவற்றிலிருந்து மட்டுமே. அடைக்கும்போதே உள்ளே இருந்த கிருமியை அது ஒன்றும் செய்வதில்லை. காற்றை உறிஞ்சி அடைத்த பைகளில் நிலைமை இன்னும் நுட்பமானது. இறைச்சியைக் கெடுத்து நாற்றம் எழுப்பும் கிருமிகளிற் பலவற்றுக்குக் காற்று தேவை. அவை அங்கு ஒடுங்குகின்றன. காற்றில்லா இடத்தில் வளரும் கிளாஸ்டிரிடியம் இனத்துக்கு அதுவே வாய்ப்பான இடம். ஆகவே நாற்றமில்லாத பை நல்ல பை என்று மூக்கை நம்பித் தீர்ப்புக் கூறுவதற்கில்லை.

வெளியே வைத்தாலும் கெடாத இறைச்சிப் பொட்டலங்களும் உண்டு. மைசூரில் 1961-இல் நிறுவப்பட்ட பாதுகாப்புத்துறை உணவு ஆராய்ச்சிக் கூடம் படைவீரர்களுக்காக உருவாக்கிய உணவுப் பைகள் இவ்வகையின. பல அடுக்குகளாலான பையில் உணவை இட்டு மூடியபின், அழுத்தத்தில் ஏறத்தாழ 121 டிகிரி வரை சூடேற்றுவர். கொதிநீருக்கு அசையாத கிளாஸ்டிரிடியம் வித்துகளும் அவ்வெப்பத்தில் அழிகின்றன. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இம்முறையை மீன் குழம்புக்குப் பயன்படுத்தி வெற்றி கண்டுள்ளது. பையைத் திறந்துவிட்டால் மட்டும் அதுவும் அன்று சமைத்த குழம்பே.

நம் முன்னோர் வேறு வழிகளில் இதைச் சாதித்தனர். உப்புக்கண்டத்தில் உப்பும் வெயிலும் கிருமிக்கு வேண்டிய நீரை எட்டாமற் செய்கின்றன. கேரளத்திலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் பயணப்பெட்டியில் செல்லும் இறைச்சி ஊறுகாயைக் காப்பதில் புளிப்புக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் கடையில் விற்கும் சாசேஜும் ஹாமும் உப்பிட்டவை என்பதால் அவற்றையும் இக்குடும்பத்தில் சேர்ப்பது பிழை. அவற்றிலுள்ள உப்பு சுவைக்கும் நிறத்துக்கும் போதும். குளிரின்றிக் காக்கப் போதாது.

கெட்டதோ எனச் சந்தேகம் எழுந்தால் நன்றாகக் கொதிக்கவைத்து உண்ணலாம் என்பாரும் உளர். கொதி நீர் ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமியைக் கொல்லும். ஆனால் அது ஏற்கெனவே உமிழ்ந்துவிட்ட நஞ்சு கொதியைத் தாங்கி நிற்கும். உண்ட சில மணி நேரத்தில் வாந்தி எழுவது அதனால்தான்.

உறையின்மீது அச்சிட்ட காலக்கெடு தனித்துப் பொருள்படுவதன்று. “மைனஸ் 18 டிகிரியில் வைக்கவும்” என்ற வரியும் அதன் அருகிலுள்ள தேதியும் சேர்ந்து ஒரே வாக்குறுதி. உறைநிலையில் ஒன்பது மாதம் நிற்பதாகக் குறித்த கோழியிறைச்சி, கடைத் திண்ணையில் ஒரு பிற்பகல் கிடந்தால் அந்தத் தேதிக்கு மதிப்பில்லை. மீண்டும் பெட்டிக்குள் தள்ளினால் உருகிய தடம் மறையுமே தவிர, பெருகிய கிருமி மறையாது. மின்சாரம் நின்றபோது, திறக்காத குளிர்சாதனப் பெட்டி சுமார் நான்கு மணி நேரமும், நிறைந்த உறைபெட்டி சுமார் 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் குளிரைத் தாங்கும் என்பது பொதுக் கணிப்பு. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளத்தின் பல பகுதிகளில் மின்சாரம் இதைவிட நீண்ட காலம் வராதிருந்தது.

கேரள அரசு 2022-இல் வெளியிட்ட ஷவர்மா நெறிமுறைகள், பொட்டலத்தில் தயாரித்த தேதியையும் நேரத்தையும் குறிக்கவும், ஒரு மணி நேரத்துக்குள் உண்ணும்படி அறிவிக்கவும் பணித்தன. 2023 ஜனவரியில் உணவுப் பொட்டலங்கள் அனைத்துக்கும் நேரச்சீட்டு கட்டாயமாக்கப்பட்டது. அபாயம் மிகுந்த உணவுகளைச் சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் உண்ண வேண்டும், கொண்டுசெல்லுங்கால் 60 டிகிரி வெப்பம் காக்கப்பட வேண்டும் என்றும் கூறப்பட்டது. நல்ல ஏற்பாடு. ஆனால் சீட்டு நேரத்தைச் சொல்லும், வெப்பத்தைச் சொல்லாது. திருவனந்தபுரம் சென்ட்ரலில் பொட்டலத்துடன் ஏறுபவரின் இரயில் காயங்குளத்தை நெருங்கும்போது சீட்டின் காலம் முடிந்துவிடும். எர்ணாகுளம் சேர மேலும் இரண்டு மணி நேரம் போல ஆகும். பசியெடுப்பது பெரும்பாலும் அப்போதுதான்.

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006, பாதுகாப்பற்ற உணவினால் மரணம் நேர்ந்தால் ஏழாண்டுக்குக் குறையாத சிறை முதல் ஆயுள் சிறை வரை விதிக்கிறது. அத்தகைய வழக்கில் ஆய்வுக்கூட அறிக்கை முக்கியச் சான்றாகும். அதனால் கடையில் எடுக்கும் இறைச்சி மாதிரியும் பனிக்கட்டி இட்ட பெட்டியில், 5 டிகிரிக்கு மேற்படாமல், தாமதமின்றி ஆய்வுக்கூடம் சேர வேண்டும். அலுவலரின் வாகனத்தில் இரண்டு மணி நேரம் வெயிலில் இருந்த மாதிரியில் காணும் கிருமியின் எண்ணிக்கை கடையில் நேர்ந்ததா, வழியில் நேர்ந்ததா என்று எவராலும் பிரித்துச் சொல்ல இயலாது.