குறும்பெயரும் பின்னொட்டும்

அலுவலகக் கணினிகளைப் பராமரிக்கும் பணியில் நான் கண்ட சிக்கல்களுள் பல, சர்வரின் கோளாறென்றே எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த போதிலும், உண்மையில் டொமைன் பின்னொட்டில் உற்பத்தியானவை. ‘கணக்கு’ என்று ஒற்றைச் சொல்லாக நாம் தட்டும் பெயர் அப்படியே டிஎன்எஸ் சர்வரைச் சென்றடைவதில்லை. மேஜைமீதுள்ள கணினி, தனக்கு விதிக்கப்பட்ட பின்னொட்டுப் பட்டியலை எடுத்துக்கொண்டு, முதலாவதை ஒட்டி வினவி, அத்தகைய பெயர் இல்லையென்ற பதில் வந்தால் அடுத்ததை ஒட்டி வினவி, விடை கிடைக்கும் வரையில் வரிசைக்கிரமமாகச் செல்கிறது. ஆகையால், இரண்டு கிளைகளிலும் ‘கணக்கு’ என்ற இயந்திரம் இருக்குமாயின், எந்தக் கிளையின் பின்னொட்டு பட்டியலில் முந்தி நிற்கிறதோ, அந்தக் கிளையின் இயந்திரமே பதிலளிக்கும். ஓர் அலுவலகத்தில், ஒரு கிளையின் குமாஸ்தாக்கள் மற்றொரு கிளையின் கணக்குகளைத் திறந்து திகைத்து நின்றதற்கு இந்த வரிசையைத் தவிர வேறு காரணமில்லை.

ஆதலால், யார் புகார் கூறினாலும் அந்தப் பட்டியலையே நான் முதலில் பார்க்கிறேன். விண்டோஸில் ‘ஐபிகான்ஃபிக்’ கட்டளையை ‘ஆல்’ என்ற குறிப்போடு இட்டால் அது தெரியும், லினக்ஸில் ‘ரிசால்வ்.கான்ஃப்’ கோப்பில் ‘சர்ச்’ என்று தொடங்கும் வரியில் இருக்கும். அடுத்தபடியாக, முழுப் பெயரையும் எழுதி, முடிவில் ஒரு புள்ளி வைத்துச் சோதிக்கிறேன்; இறுதிப் புள்ளியுள்ள பெயருக்கு எந்தப் பின்னொட்டும் சேர்க்கப்படுவதில்லையாதலால், அதற்குச் சரியான விடை வந்து குறும்பெயருக்கு வராவிடில், தேட வேண்டிய இடம் பின்னொட்டுதான். ‘என்எஸ்லுக்அப்’ கருவியை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்வது உசிதமன்று. அது ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பாராமல் நேரே டிஎன்எஸ் சர்வரைக் கேட்பதால், ‘பிங்’ காட்டும் முகவரி அதனின்று வேறுபடக்கூடும்.

பட்டியலை நீட்டிக்கொண்டே போவதை நான் அறவே விரும்புவதில்லை. ஒவ்வொரு பின்னொட்டும் ஒரு வினாவாகித் தாமதம் சேர்வது ஒருபுறமிருக்க, அந்தரங்கமான பெயர்கள் அந்நியர் கைக்குப் போகும் அபாயமே பெரிது. 1993-இல் வெளியான ஆர்எஃப்சி 1535 இதைத்தான் எச்சரித்தது: அக்காலத்து மென்பொருள்கள் தம் சொந்த டொமைனைப் படிப்படியாகக் குறைத்து ஒட்டிப் பார்த்தபடியால், ‘.காம்’ ஸ்தாபனத்திலிருந்து ‘.எடு’ என முடியும் பல்கலைக்கழக இயந்திரத்தைத் தேடியவர், ‘எடு.காம்’ என்ற அயலாரின் டொமைனுக்குப் போய்ச் சேரும் நிலை இருந்தது. பின்னாளில், அலுவலகங்கள் பலவும் உள்டொமைனுக்கு ‘கார்ப்’ என்றே பெயரிட்டு வந்தமையால், வெளியே எடுத்துச் செல்லப்பட்ட கணினிகளின் வினாக்கள் ‘கார்ப்.காம்’ வாயிலில் வந்து விழுந்தன; அந்த டொமைனை மைக்ரோசாஃப்ட் 2020-இல் விலைகொடுத்து வாங்கிக்கொண்டது.

எனவே, உள்டொமைனை அலுவலகம் பதிவுசெய்து வைத்திருக்கும் சொந்த டொமைனுக்குக் கீழேயே அமைக்கும்படி நான் வற்புறுத்துகிறேன். வீட்டு வலையமைப்புக்கு 2018 முதல் ‘ஹோம்.ஆர்ப்பா’ பிரத்தியேகமாக ஒதுக்கப்பட்டிருக்கிறது. குறும்பெயர் மனிதர் தட்டச்சு செய்வதற்கு மட்டுமே. இரவில் ஆளில்லாமல் ஓடும் பேக்கப் வேலைகளில் முழுப் பெயரையே எழுதி வைக்கிறேன்.